சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கோழி லாரி

இன்று மதியம் கூலாயில் நல்ல மழை. பெட்ரோல் நிலையத்தில் நான் ஓட்டும் கோழி லாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நொண்டியபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்ட வியட்நாமில் கிளம்பி, லாவோஸ், தாய்லாந்து எல்லாம் கடந்து வந்தவராம். வீடு ஸ்கூடாய், இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கும். முட்டி வீங்கியிருந்தது. சைக்கிளின் பின்விளக்கும் எரியவில்லை.

"நானும் ஸ்கூடாய்தான் போறேன். ஏறுங்க தங்கச்சி, ஒருத்தருக்கும் தெரியாது," என்றேன்.

அவர் லாரியைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார்.

"வேணாம்ணே. முழுக்க மிதிச்சே வரேன்னு சொல்லித்தான் எல்லார்கிட்டயும் நிதி கேட்டேன். பின்னால மட்டும் வரீங்களா? மழையில கார்க்காரங்க கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேங்குறேன் லா."

போனேன். ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்கூடாய் வரைக்கும் ஊர்ந்தேன். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. கோழிகளும் கத்தின. அவர் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

வீட்டு வாசலில் நின்ற அவர் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார்.

எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அதே பெருமையோடு கோழிக்கடைக்குப் போனால், லாரிக்குச் சொந்தக்காரரான முதலாளி வாசலிலேயே நிற்கிறார்.

"நானும் ஒரு தர்ம காரியம் செஞ்சேன் பாஸ்."

"நல்லது. யாரு டீசல்ல?"

பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நாளைக் காலையில் மறுபடி அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.