எரிந்த வீட்டு விலாசம்

என் கணவர் கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்காளராக இருந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நாங்கள் இருந்த வீடு எரிந்துபோக, அகதிக் கப்பலில் வடக்கே வந்து என் ஊரான சண்டிலிப்பாயில் குடியேறினோம்.

வேலை பாதியில் நின்ற அந்த வருடம் அவருடைய சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தது. படிவம் நிரப்பி அனுப்பினால் திரும்பக் கிடைக்கும். ஊரில் பலருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர், தன்னுடையதைத் தொடவேயில்லை.

“எங்கடையை எப்ப அனுப்பப் போறியள்?” என்று கேட்டால், “கொழும்புக்குத் திரும்பிப் போறதுதானே, நேரிலை குடுக்கிறன்” என்பார்.

மூன்றாம் வருடம், என் கரைச்சல் தாங்காமல் நிரப்பித் தபாலில் போட்டார். நான்தான் வாசல் படலையடியில் தபால்காரரைப் பார்த்து நிற்பேன். கடிதம் வந்ததா என்றுகூட என் கணவர் கேட்கமாட்டார். அந்த மாரியில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் வரிக் கந்தோருக்கு எழுதினேன். அவர் தந்த விலாசத்துக்குக் காசோலை அனுப்பியதாகவும், அங்கே வீடே இல்லையென்று அது திரும்பி வந்ததாகவும் பதில் வந்தது. அவர் எழுதியிருந்தது எரிந்துபோன கொழும்பு வீட்டின் விலாசம்.

பிறகு காசோலை என் பெயருக்கு மாறி எனக்கு வந்து சேர்ந்தது. ஆனால் இந்த ஊர் விலாசத்தில் அவருக்கென்று ஒரு கடிதமும் வந்ததில்லை.

இப்போது எந்தப் படிவத்திலும் இன்றைக்கு இருக்கிற இடத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். நாளைக்கு எங்கே இருப்போம் என்பது இங்கே யாருக்கும் தெரியாது.