மேசர் தேடிய மகளும் மூணாறு பஸ்ஸும்

அகச்சிவப்பில் ஜொலிக்கும் தூரத்துக் கேலக்ஸிகளில் மேசர் என்ற இயற்கை ரேடியோ கற்றையைத் தேடுவதுதான் என் மகளின் ஆராய்ச்சி. போன மாதம் ஒன்று சிக்கியதாகச் சொன்னாள். எஸ்டேட் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான்.

இன்று மூணாறு பஸ்ஸில் பக்கத்து லயத்து வீட்டு மதினி மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, என்னமோ கண்டுபிடிச்சியாமே?"

"இல்ல அத்தை. டெலஸ்கோப்ப வேற பக்கம் திருப்பினாலும் அதே சிக்னல்தான் வருது. அது தலைக்கு மேல சுத்துற நம்ம செயற்கைக்கோளு."

"சரி, அதையாவது கண்டுபிடிச்சியே."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மாதத்தோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. ஒரு மேசர் கிடைத்திருந்தால் நீட்டித்திருப்பார்கள்.

மதினி விடவில்லை. "மூணாறு லாட்ஜுல ரிசப்ஷனுக்கு ஆள் கேக்காங்க. சொல்லட்டுமா?"

"எப்ப வந்து பாக்கணும் அத்தை?" என்றாள் மகள்.

ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும் புண்ணியவான்கள் இதைப் படிப்பவர்களில் யாராவது இருந்தால், மதினியை முந்திக்கொள்ளுங்கள்.