தூண் மேஜைக்காரர் மீது ஒரு விசாரணை

பத்மநாபனுக்கு வயது ஐம்பத்து நாலு. அதில் இருபத்தாறு வருடங்களை அவர் அடுத்தவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதியே கழித்திருக்கிறார். கார்டன் ரீச் பக்கம் ஒரு பெரிய அலுவலகம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு புகார் வரும், பதிலை அவர்தான் எழுத வேண்டும்.

விசிறி ஓடவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, கவுண்டர்க்காரர் சாப்பிடப் போய் மூன்று மணி நேரமாகத் திரும்பவில்லை என்றெல்லாம் கடிதங்கள் வரும். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, சம்பந்தப்பட்ட ஊழியர் தக்கவாறு அறிவுறுத்தப்பட்டார்" என்று எழுதி இவர் கோப்பை மூடுவார். அவர் மூடிய கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஹௌரா பாலத்தின் உச்சிக்கு ஏணி தேவைப்படாது.

மாலை ஐந்தரைக்கு அலுவலகம் மூடினாலும் புகார்கள் மூடுவதில்லை. கல்யாண வீட்டில் டாக்டரைக் கண்டதும் முழங்கால் வலியைச் சொல்கிறார்களே, அப்படி பத்மநாபனைக் கண்டதும் எல்லாருக்கும் ஒரு குறை ஞாபகம் வந்துவிடும். பாலிகஞ்ச் குடியிருப்பில் லிஃப்டுக்குள் நுழைந்தால் லிஃப்டைப் பற்றிச் சொல்வார்கள். கரியாஹாட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனால் காய்காரரே நகராட்சியைப் பற்றிச் சொல்வார். வீட்டில் மனைவி ஜெயப்ரியா பால்காரனைப் பற்றி, மகள் சுபிக்ஷா தன் கல்லூரியைப் பற்றி. மனிதருக்கு வாய் ஒன்று, காது இரண்டு என்ற அமைப்பில் ஏதோ நிர்வாகக் கோளாறு இருப்பதாக அவர் வெகுநாளாகச் சந்தேகித்து வந்தார்.

விடிவு ஒரு மழையில் வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, பாலிகஞ்சில் முழங்கால் அளவு தண்ணீர். பத்மநாபன் ஒரு புடவைக் கடையின் பக்கத்துப் படியில் ஒதுங்கினார். தண்ணீர் ஏற ஏற அவரும் ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது ஒரு ராக் மியூசிக் பார். பெயர்ப் பலகையில் பாதி எழுத்துகளுக்கு விளக்கு எரியாததால் முழுப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாரும் மேல்மாடி என்பார்கள்.

உள்ளே தூணோரம் ஒரு மேஜை காலியாக இருந்தது. உட்கார்ந்தார். பக்கத்து மேஜைக்காரர் அவரைப் பார்த்தார், முகத்தில் ஒரு குறை திரண்டது, வாயைத் திறந்தார். அந்த நொடியில் மேடையில் இரண்டு கிட்டாரும் ஒரு டிரம்ஸும் ஒன்றாகப் புறப்பட்டன. அந்த மனிதரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. கைகளை விரித்துக் காட்டினார். பத்மநாபனும் கைகளை விரித்தார். பிறகு சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். இருபத்து நான்கு வருடங்களில் அவர் கண்ட முதல் அமைதி அது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அதே தூண் மேஜைதான். ஒரு லைம் சோடா, ஒரு தட்டு மசாலா கடலை. பேண்டுக்கு நடுவில் பதினைந்து நிமிட இடைவேளை உண்டு. அந்த ஆபத்தான கால் மணி நேரத்தை அவர் கழிப்பறையில் கழித்தார்.

"போயிட்டு வாங்க" என்பாள் ஜெயப்ரியா. "ஊர்ல அவனவன் சத்தம் தாங்காம வீட்டுக்கு ஓடி வரான். நீங்க மட்டும்தான் சத்தத்துல போய்த் தூங்கிட்டு வர்றீங்க."

மேல்மாடியில் ஒரு வழக்கம் உண்டு. பேசினால் கேட்காது என்பதால், கண்ணாடித் தம்ளருக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டையில் எழுதித்தான் எதையும் சொல்வார்கள். இன்னொரு பீர், பில், காதல், சண்டை எல்லாம் அட்டையில்தான். கவுண்டரில் நிற்கும் தீபாங்கர் ஒரு காதில் பேனாவும் இன்னொரு காதில் பஞ்சுமாக இருப்பான். அவன் வாயில் பத்மநாபன் 'பொத்தோதா' ஆகிவிட்டார். வங்காளத்தில் பத்மத்துக்கு இதுதான் கதி; 'தா' என்றால் அண்ணா.

போன செப்டம்பரில், வங்காளத்தின் பெரிய பண்டிகையான பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தீபாங்கர் ஓர் அட்டையைக் கொண்டுவந்து வைத்தான்.

'பொத்தோதா, இன்டர்நெட்டில் நமக்கு மூன்று புள்ளி இரண்டு நட்சத்திரம். பூஜைக்கு முந்தின சனிக்கிழமைக்குள் நாலு ஆகவில்லை என்றால் பேண்ட் கிடையாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். கரோக்கி வைக்கப்போகிறார்.'

பத்மநாபன் கரோக்கி என்றால் என்ன என்று எழுதிக் கேட்டார். வாடிக்கையாளர்களே ஒவ்வொருவராகப் போய்ப் பாடுவார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்று பதில் வந்தது. 'பேசிக்கொண்டிருப்பார்கள்' என்ற சொல்லை அவர் இரண்டு முறை படித்தார். லைம் சோடாவைத் தள்ளி வைத்தார். தன்னையும் மேடைக்கு இழுப்பார்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நட்சத்திரம் ஏன் குறைந்தது என்று அங்கேயே தீபாங்கரின் போனை வாங்கிப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் வரிசையாகத் தங்கள் அனுபவங்களை எழுதி வைத்திருந்தார்கள். அத்தனையும் புகார், ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. பத்மநாபன் போனைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தார். பதில் எழுதப்படாத புகார் என்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. தீர்க்கப்படாத புகார் என்றால் லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார், அது வேறு.

அன்றிரவே பாரின் பெயரில் பதில் எழுத ஆரம்பித்தார்.

'கிட்டார் சத்தத்தில் என் காதலி சொன்னது கேட்கவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'தங்கள் புகார் கிடைக்கப்பெற்றது. மேற்படி தோழி கூற விரும்புவதை எழுத்துமூலம் பெற்றுக்கொள்ளுமாறு ஆலோசனை வழங்கப்படுகிறது. அட்டைகள் கவுண்டரில் கிடைக்கும்' என்று பதில் போனது.

'டிரம்ஸ்காரர் வெறிபிடித்தவர் போல அடிக்கிறார்' என்பது இன்னொன்று. 'சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கோரப்பட்டது. அதுவே தம் பணியின் இயல்பு என்று அவர் தெரிவித்துள்ளார். விளக்கம் ஏற்கப்பட்டது.'

கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். பத்மநாபனுக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. 'தாழ்ப்பாள் பதினான்காம் தேதி மாற்றப்படும்' என்று எழுதிவிட்டு, தீபாங்கரை விரட்டிப் பதினான்காம் தேதியே மாற்றவும் வைத்தார். தான் எழுதிய பதிலின்படி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் முறை. அன்று வீடு திரும்பும்போது அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஊருக்கு இந்த நடை பிடித்துப்போனது. பதிலைப் படித்துவிட்டுக் கோபக்காரர்கள் நட்சத்திரத்தைக் கூட்டினார்கள். பதில் வாங்குவதற்காகவே சிலர் மேல்மாடிக்கு வந்து, கடலையில் உப்பு ஒரு பக்கமாக இருக்கிறது என்கிற மாதிரி குறைகளைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினார்கள். மூன்று புள்ளி ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறியது. கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கையில், இன்னும் ஒரே ஒரு புள்ளி.

அப்போதுதான் சஹானா எழுதினாள். கரியாஹாட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவள், மேல்மாடிக்கு மாதம் இரண்டு முறை வருகிறவள். ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தாள்.

'பேண்ட் அருமை. ஆனால் தூண் மேஜையில் எப்போதும் ஓர் ஆள் கண்ணை மூடிக்கொண்டு பிணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கை தட்டுவதில்லை, தலையாட்டுவதில்லை. இது பாரா, ஆஸ்பத்திரி வராந்தாவா? அவரைப் பார்த்தாலே எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வருகிறது. அவரை எழுப்பினால் ஐந்து நட்சத்திரம் தருகிறேன்.'

முதலாளியம்மா பிரியம்வதா சென்னுக்குத் தன் பாரில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று தெரியாது. பதில்களை யாரோ எழுதுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். 'அந்தத் தூண் ஆளை வெளியே அனுப்பு, சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்' என்று தீபாங்கருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டார். தீபாங்கர் அதை அப்படியே பத்மநாபனுக்கு அனுப்பி, பின்னால் அழுகிற முகங்கள் ஆறு சேர்த்திருந்தான்.

நிலைமை இப்படி நின்றது: தூண் மேஜைக்காரர் போனால் பேண்ட் பிழைக்கும். பேண்ட் பிழைத்தாலும் தூண் மேஜைக்காரருக்குப் பயன் இல்லை.

இன்னொருவராக இருந்தால் புகாரைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார். பத்மநாபனால் முடியாது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு மேஜையில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஜெயப்ரியாவை அவர் விசாரணை அதிகாரியாக நியமித்தார். சுபிக்ஷா வாக்குமூலம் எழுத உட்கார்ந்தாள்.

"குற்றச்சாட்டை ஒத்துக்கறீங்களா?" என்றாள் ஜெயப்ரியா, கத்தியை நிறுத்தாமல்.

"கண்ணை மூடினது வாஸ்தவம். பிணம் மாதிரிங்கறதை மறுக்கிறேன்."

"அதை நான் சொல்லணும். இருபத்தஞ்சு வருஷமா பக்கத்துல இருந்து பாக்கறேன். சுபி, ஆமான்னு எழுது."

"பாபா, நீங்க கொஞ்சம் தலையாவது ஆட்டலாமே" என்றாள் சுபிக்ஷா. "அவ்ளோ நல்ல பேண்ட். கீ லொஜ்ஜா, வெட்கக்கேடு! என் ஃப்ரெண்ட்ஸ் யாராவது பார்த்திருந்தா?"

"எழுதறவங்க அபிப்பிராயம் சொல்லக் கூடாது."

"சரி, எதுக்குக் கண்ணை மூடறீங்க?" என்றாள் ஜெயப்ரியா.

பத்மநாபன் ஒரு வெண்டைக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "அங்க யாரும் என்கிட்ட எதுவும் சொல்ல முடியாது" என்றார். "வாரத்துல நாலு மணி நேரம். அவ்வளவுதான்."

கத்தி நின்றது.

"என்னையும் சேர்த்தா?"

"அந்தக் கேள்வி விசாரணை வரம்புக்குள்ள வராது."

"சுபி, பதில் சொல்லாம நழுவினார்னு எழுது." ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை. நறுக்கியதைத் தட்டோடு நகர்த்தி வைத்துவிட்டு, தன் கணவரின் காதுகளை முதல் முறையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். "உங்க ஆபீஸ்ல குற்றம் நிரூபணமாச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர்தான்."

"எங்க போடுவீங்க?"

"எவனும் போக மாட்டேங்கற இடத்துக்கு."

"அந்த பார்ல அப்படி இடம் இருக்கா?"

இருந்தது. மேடைக்கு இடப்பக்கம், ஆள் உயர ஒலிபெருக்கிக்கு இரண்டடி தள்ளி, இரண்டு நாற்காலி போட்ட ஒரு மேஜை. அதில் உட்கார்ந்தவர் யாரும் முதல் பாட்டைத் தாண்டியதில்லை. அங்கே தம்ளர் தானாக நகரும். அங்கிருந்து மேடையைப் பார்த்தால் மற்ற மேஜைகளின் பக்கம் முதுகு, ஆகவே முகம் யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் பத்மநாபன் மிகுந்த துயரத்தோடு விவரித்தார்.

"சிரிக்காதீங்க" என்றாள் ஜெயப்ரியா. "இது தண்டனை."

சஹானாவுக்கு அன்று மாலையே பதில் போனது. 'தங்கள் புகார் மீது முறையான விசாரணை நடத்தப்பட்டது. சம்பந்தப்பட்டவர் குற்றவாளி எனக் கண்டறியப்பட்டு, ஒலிபெருக்கி அருகிலுள்ள மேஜைக்கு மாற்றப்பட்டுள்ளார். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. தாங்கள் சனிக்கிழமை நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.'

சனிக்கிழமை மேல்மாடி நிரம்பி வழிந்தது. தண்டனை ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்க்க விசாரணை அதிகாரியும் பட்டுப் புடவையில் வந்து, குற்றவாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல் அடி விழுந்ததும் மேஜை அதிர்ந்தது. கடலைகள் தட்டில் நடனமாடின. ஜெயப்ரியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பதைக் கண்டாள். இன்னொரு முறை முயன்றாள். பிறகு பால்காரன், குக்கர் கேஸ்கட், மாமியார் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் அந்தச் சத்தம் அடித்துக்கொண்டு போவதை அவள் முகத்திலேயே பார்க்க முடிந்தது. இரண்டாவது பாட்டில் அவளும் கண்களை மூடிக்கொண்டாள்.

சஹானா வந்தாள். தூண் மேஜையில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியின் வாயில் கிடக்கும் அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தாள். குற்ற உணர்வு தாங்காமல் எழுந்து வந்து ஓர் அட்டையை வைத்தாள். 'மன்னிக்கணும் அங்கிள். எழுப்பத்தான் சொன்னேன். இவ்வளவு கொடுமை செய்வார்கள் என்று நினைக்கவில்லை. ஆன்ட்டியையுமா?'

பத்மநாபன் அடியில் எழுதினார்: 'விதிப்படி நடந்தது. வருத்தம் இல்லை.'

அவருடைய பெருந்தன்மையில் கண் கலங்கி, அவள் அங்கேயே நின்று போனை எடுத்து ஐந்து நட்சத்திரம் போட்டாள். கவுண்டரில் தீபாங்கர் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களைத் தூக்கி, கூட்டினால் நாலு என்று காட்டினான்.

அடுத்துப் பிரியம்வதா சென்னே வந்துவிட்டார். பதில்களை எழுதியவர் இவர்தான் என்று தீபாங்கர் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்த அம்மாளுக்கு மேல்மாடியின் வழக்கம் தெரியாது, அட்டை எடுக்காமல் நேராகப் பேச ஆரம்பித்தார். பத்து நிமிடம் பேசினார். கையை ஆட்டினார், மேடையைக் காட்டினார், ஏதோ கேட்டார். பத்மநாபன் ஒரு சொல்லும் கேட்காத பேரானந்தத்தில், புன்னகையோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அந்த அம்மாள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

தீபாங்கர் ஓடி வந்து ஓர் அட்டையை நீட்டினான்.

'சனிக்கிழமை பேண்ட் நிரந்தரம், பொத்தோதா. கரோக்கி செவ்வாய்க்கிழமை மட்டும். வாராவாரம் முதல் பாட்டு நீங்கள் பாடுவதாக ஒப்புக்கொண்டதற்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.'

ஜெயப்ரியா எட்டிப் பார்த்துப் படித்தாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பத்மநாபன் ஒரு புது அட்டையை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புகார் எழுதினார். எழுதி முடித்து, இதற்கு யார் பதில் சொல்வார்கள் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார்: 'தங்கள் புகார் கிடைக்கப்பெற்றது.'