மண் இளகும்வரை

கனடாவின் இந்தச் சமவெளி ஊரில் மார்ச் மாதம் பிறந்ததும் மனிதர்கள் தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்குவார்கள். எதையோ தொலைத்துவிட்டார்கள் என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். அவர்கள் தேடுவது வசந்தத்தை என்று பிறகு தெரிந்தது. தெற்குப் பார்த்த சுவரோரம் பனி விலகிய சாண் அகல மண்ணில் ஏதாவது முளை எட்டிப் பார்க்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் முளையைக் கண்டவர் தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வார். சன்னலோரத்தில் முட்டை அட்டைகளில் மண் நிரப்பித் தக்காளி விதை போட்டிருப்பார்கள். வெளியே முழங்காலளவு பனி கிடக்கும். நம் ஊர் வரதராசன்பேட்டையில் வசந்தம் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும் இருந்த சொல். யாரும் அதை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. மாசியில் முந்திரிக்காடு பூக்கும். செம்மண் புழுதியோடு அந்த வாசமும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். பங்குனியில் வேம்பு செம்பு நிறத்தில் தளிர்க்கும், கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டே போகும். மரம் பூக்கப் பூக்கக் கீழே மண் இறுகும். இங்கே தலைகீழ். முதலில் மண் இளக வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வருடம் நானும் குனிந்துதான் நடந்தேன். எனக்கு முளை எதுவும் வேண்டியிருக்கவில்லை. என் கணவரைப் புதைக்க வேண்டியிருந்தது.

ஆரோக்கியசாமி ஜெயங்கொண்டத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எழுபதுகளில் இந்தப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தபோது வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதக் காலையில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுபோவது எங்களால் ஆகக்கூடிய காரியமாக இல்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைத் தன் அறைக்கு அழைத்து, அடக்கம் மே மாதம் என்றார். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். தரை ஓராள் ஆழத்துக்கு உறைந்து கிடக்கிறது, அதைத் தோண்ட இந்தச் சின்னக் கல்லறைத் தோட்டத்தில் இயந்திரம் இல்லை, பனிக்காலத்தில் இறப்பவர்களை வேலியோரத்துக் கல் அறையில் வைத்திருந்து மண் இளகியதும்தான் புதைப்போம் என்று மெதுவாக விளக்கினார்.

என் அப்பா சித்திரை வெயிலில் இறந்தவர். அன்றைக்கும் மண் கல்லாகத்தான் இறுகிக் கிடந்தது. குழி வெட்ட வந்தவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கடப்பாரை போட்டார்கள். வெயில் தாழ்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சூடு தண்ணீர் ஊற்ற முடியாதா என்று சாமியாரிடம் கேட்டேன். நான் குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்து, அவர் உடனே எழுந்துபோய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். குடித்தேன்.

ஊருக்கு இதைச் சொல்வது அதைவிடக் கொடுமையாக இருந்தது. என் கொழுந்தன் அருள் ஜெயங்கொண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடைக்குத்தான் போன் பண்ண முடியும்.

“என்னா அண்ணி சொல்றீங்க? மே மாசம் வரைக்குமா? மண்ணுதானே அது, வெட்டுனா வெட்டுப்படாதா?”

“படாது தம்பி. இரும்பு மாரி கெடக்கு.”

அவன் சொன்னான். “அம்மா அடுப்பு பத்த வைக்கல அண்ணி. எம் புள்ளைக்கு மண்ணு போட்டாச்சுன்னு சேதி வரட்டும், அப்பத்தான் இந்த வூட்ல ஒல வைப்பேங்குது. பக்கத்து வூட்ல குடுக்குற கஞ்சியையும் பாதி நாளு தொட மாட்டேங்குது.”

எழவு வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டாத வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் வழக்கம் அது. மே மாதம்வரை நீளும் என்று அதை ஏற்படுத்தியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

மாசி நடுவில் அருளே போன் பண்ணச் சொல்லித் தந்தி கொடுத்தான். எடுத்ததும், “சொல்லிட்டேன் அண்ணி,” என்றான். “அண்ணன அடக்கம் பண்ணிட்டாங்க, தந்தி வந்துச்சுன்னு சொல்லிட்டேன். எனக்கு வேற வழி தெரியல. அடுப்பு பத்த வச்சிடுச்சு. மோட்சப் பூசைக்கும் குடுத்தாச்சு. நீங்க ஒன்னும் காட்டிக்காதீங்க. அம்மா கடை வாசல்ல ஒக்காந்திருக்கு, கூப்புடுறேன், பேசுங்க.”

அத்தை அதற்கு முன் போனில் பேசியதே இல்லை. அந்தக் கடைக்கே கேட்கும்படி கத்தினார். “பெரியவன நல்லபடியா அடக்கம் பண்ணீங்களா?”

“ம், அத்தே.”

“என்ன மண்ணு அது? நம்மது மாரி செம்மண்ணா?”

“கருமண்ணு.”

“செடி ஏதாச்சும் வச்சியா? காசித்தும்பை வையி. எங்க போட்டாலும் வரும்.”

“வைக்கறேன் அத்தே.”

சன்னலுக்கு வெளியே பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். ஊரில் அவருக்காக அழுது முடித்துவிட்டார்கள். இனி அவர் இன்னும் புதைக்கப்படவில்லை என்று அழ, இந்தப் பூமியில் நான் ஒருத்திதான் மிச்சம்.

ஏப்ரலில் கூரையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. பனிக்காலத்தில் தெற்கே போயிருந்த காக்கைகள் திரும்பி வந்தன. கடைகளில் விதைப் பொட்டலங்களைத் தொங்கவிட்டார்கள். பால் வாங்கப் போன இடத்தில், கடைக்குப் புதிதாக வந்திருந்த பெண், இந்த வருடம் என்ன நடப்போகிறீர்கள் என்று சிரித்தபடி கேட்டாள். “என் கணவர்...” என்று ஆரம்பித்தேன். ஓ, கணவர்தான் நடுவாரா, கொடுத்து வைத்தவர் நீங்கள், உங்களுக்கு முதுகு வலி இல்லை என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஊர் முழுக்க ஒரே பேச்சு, மண் தயாராகிவிட்டதா என்பது. பக்கத்து வீட்டு டோரதி மட்டும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அவள் புருஷனும் ஒரு பனிக்காலத்தில் போனவன்.

மே மாதம் அவரைப் புதைத்தோம். சாமியார், டோரதி, பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர். சவப்பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் விதைப்பு ஓட்டிக்கொண்டிருந்த டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். நான் அள்ளிய கைப்பிடி மண்ணில் இன்னும் ஐஸ் துகள்கள் இருந்தன. உள்ளங்கை மரத்துப்போனதால் எப்போது மண்ணை விட்டேன் என்றுகூடத் தெரியவில்லை. ஊரில் அப்போது அக்கினி நட்சத்திரம். இரவு நேரம், அத்தை புழுக்கத்துக்குக் கதவைத் திறந்துபோட்டுப் படுத்திருப்பார். அங்கே அருளைத் தவிர யாருக்கும் இது தெரியாது, தெரியவும் கூடாது. குழி மூடியதும் டோரதி தான் கொண்டுவந்திருந்த நாற்றுகளை நட்டாள். ஒரு வாரத்தில் மறுபடி உறைபனி விழுந்து அவை கருகிப்போயின. இங்கே அது சகஜம் என்றாள்.

சில வருடம் கழித்து ஒரு மாசியில் ஊருக்குப் போனேன். அருள் சொன்ன அந்தப் பொய்த் தேதியில்தான் வருடாவருடம் அவருக்குப் பூசை வைக்கிறார்கள். பூசை முடிந்து அத்தை என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் கையால் காட்டினார்.

“வயசானா இங்க வந்துடு ஜெசிந்தா. இந்த மண்ணுல எந்த மாசத்துலயும் குழி வெட்டலாம். மே மாசம் வரைக்கும் காத்துக் கெடக்க வேணாம்.”

“ஒங்களுக்குத் தெரியுமா அத்தே?”

“அருளுக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா?”

“அப்ப ஏன் அடுப்பு பத்த வச்சீங்க?”

“நான் ஒல வைக்கலன்னு அவனும் சோறு திங்காம கெடந்தான். அவனும் எம் புள்ளதானே.” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “எப்பதான் பொதைச்சீங்க?”

சொன்னேன். உதடு அசைய அந்தத் தேதியை இரண்டு மூன்று முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். “அன்னிக்கி நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு தெரியலியே,” என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். இங்கே என் கணவர் பக்கத்தில் எனக்கென்று ஓர் இடம் எழுதி வைத்திருக்கிறேன். வரதராசன்பேட்டையில் அத்தை காட்டிய இடமும் இருக்கிறது. எங்கே போவேன் என்று தெரியவில்லை. இங்கே பனிக்காலத்தில் செத்தால், மண் இளகும்வரை அந்தக் கல் அறையில் கிடப்பேன். இந்த மண்ணும் இல்லாமல், அந்த மண்ணும் இல்லாமல்.