மணையை நாற்காலி மேல் வைத்தவர்

பரிமளா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. முகப்பேரில் அவரிடம் பிசியோதெரபிக்குப் போன கர்ப்பிணிகளுக்காக அவரே தொடங்கிய குழு அது. இடுப்பு பெல்ட் எங்கே கிடைக்கும் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்கு அடுத்து அக்காவின் தங்கை எழுதியிருந்தார்: "அக்கா இன்று காலை மாரடைப்பில் இறந்துவிட்டார்." பெல்ட் கேட்டவளுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று என் மாமியார் குத்துக்காலிட்டு வீடு துடைக்கச் சொன்னார். நான் ஒருபடி மேலே போய், கைபேசியில் வீடியோ பார்த்து, காலை அகட்டி உட்காரும் பயிற்சியெல்லாம் செய்தேன். சின்ன வயதிலிருந்தே என் உடம்பு ரப்பர். "எப்படி வளையுறா பாருங்க" என்று அத்தை பக்கத்து ஃப்ளாட் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பெருமையாக இன்னும் கொஞ்சம் வளைந்தேன். கொஞ்ச நாளில் அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் பிளப்பதுபோல் வலி. அம்பத்தூருக்கு வேலைக்குப் போகப் பேருந்துப் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. படுக்கையில் புரள முடியவில்லை. "புள்ளத்தாச்சின்னா வலிக்கத்தான் செய்யும்" என்றார்கள். நான்தான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மகப்பேறு மருத்துவர் பரிமளா அக்காவிடம் அனுப்பினார். அவர் என் கட்டை விரலை மடக்கி முன்கையைத் தொடச் சொன்னார். சுலபமாகத் தொட்டேன்.

"ஸ்கூல்ல இத்த காட்டி கைதட்டு வாங்கிகீறியா?"

"ஆமாங்க்கா."

தன் கட்டை விரலையும் மடக்கிக் காட்டினார். அதுவும் தொட்டது. "நானும் வாங்கிகீறேன். நம்ம மூட்டு சும்மாவே லூசும்மா. வயித்துல புள்ள வந்தா இன்னும் லூசாவும். அத்தப் போயி நீ இழுத்துகினு கீறே. உனுக்கு வளையறது வேணாம், புடிச்சி நிறுத்தற பலம்தான் வேணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வலிக்குதுன்னு நீ சொல்றே இல்ல, அப்போ வலிக்குது. சாட்சி இன்னாத்துக்கு?" அங்கேயே அழுதுவிட்டேன். அவர் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். பட்டம் பெற்றும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. கோபக்காரி. மனைவியின் பையைக்கூடத் தூக்காமல் வரும் கணவர்களை வாசலிலேயே பிடித்துக்கொள்வார். எங்களுக்கு அத்தனை புத்தி சொன்னவர் தன் உடம்பை மட்டும் கவனிக்கவேயில்லை. தோள்மூட்டு நழுவினால் பல்லைக் கடித்துக்கொண்டு, "தோ, வந்துட்டேன்" என்று அடுத்தவளைப் பார்க்கப் போய்விடுவார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

என் வளைகாப்புக்குத் தாமதமாகத்தான் வந்தார். தரையில் மணை போட்டுக் கோலமிட்டிருந்தார்கள். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வளையல் போட்டு முடிக்கும்வரை நான் அதில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், சொல்லத் தைரியமில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "மணையில உக்காராம என்ன வளைகாப்பு?" என்று கணவரின் பெரியம்மா எகிறினார். அக்கா சண்டைக்குப் போகவில்லை. மணையை எடுத்து நாற்காலி மேல் வைத்து, மேலே ஒரு போர்வையை மடித்துப் போட்டு, என்னை உட்கார வைத்தார். "இப்போ பொண்ணு மணைலதான குந்திகினு கீது? வளையல எடுங்கம்மா." பெரியம்மாவே சிரித்துவிட்டார்.

இப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை. அதே இடத்தில் வலி தொடங்கிவிட்டது. வரும் வியாழக்கிழமை வருவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன். பிள்ளைத்தாச்சி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அத்தை தடுத்துவிட்டார். கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எனக்குப் பதிலாக அத்தைதான் போனார். திரும்பி வந்து தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அவ காதுகிட்ட குனிஞ்சு சொல்லிட்டு வந்தேன். 'எம் மருமகள நான்தாம்மா விடல, அவ மேல கோச்சுக்காத'ன்னு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை எழுந்து போகவில்லை. என் இடுப்பில் கை வைத்தார்.

"எங்க வலிக்குது, சொல்லு."

முதல் பிள்ளையின்போது இந்த வீட்டில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி அது. பரிமளா அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.