வேறு மருந்துகள்: இல்லை

‘வேறு மருந்துகள்: இல்லை.’ நோயாளர் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் அமைந்த அந்த வரியில் ஓர் அடித்தலும் திருத்தலும் கிடையா. கொல்லிமலையின் சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவனாகப் பணியேற்ற முதலாண்டில், திண்ணனூர் நாடு என்னும் மலைப்பகுதியிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணுக்காக அதை எழுதினேன். இரு குழந்தைகளின் தாய். மாதந்தோறும் மூன்று நான்கு முறை வலிப்புக் கண்டு, ஒருமுறை அடுப்பருகே விழுந்து கையைச் சுட்டுக்கொண்டவள். உடன்வந்த மாமியார் கனிவும் நகைச்சுவையும் நிறைந்தவர். “எம் மருமவளுக்கு வாயே கெடையாதுங்க டாக்டரு. அவளுக்குண்டானதையுஞ் சேத்து ஆண்டவன் எனக்கே குடுத்துப்போட்டான்” என்றார். நானும் சிரித்தேன்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அன்று எனக்கு ஒரு செருக்கே இருந்தது. கருவுக்குப் பெரிதும் கேடு செய்யக்கூடிய மருந்து இளம்பெண்ணுக்கு வேண்டாமென்று ஒதுக்கினேன். உறக்கத்தில் ஆழ்த்தும் மருந்து மரவள்ளிக் காட்டில் உழைப்பவளுக்கு ஆகாதென்று விலக்கினேன். இறுதியில் கார்பமாசெபின் என்னும் வலிப்பு மாத்திரை என முடிவு செய்தேன். எழுதுமுன், “வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியாம்மா?” என்று கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு, “இல்லீங்க” என்றாள். அந்தப் பார்வையை நான் கண்டேன். கூச்சம் என்று எண்ணிக்கொண்டேன்.

வலிப்பு நின்றது. மாமியார் மகிழ்ந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். சில மாதங்கள் கழித்து அவள் தனியே வந்தாள். கருவுற்றிருந்தாள். இரண்டாம் பேற்றின்போது குருதி நில்லாமல், மலையிலிருந்து கீழே கொண்டுசெல்லும் வழியிலேயே இறந்துவிடுவாள் என்று எல்லாரும் அஞ்சிய கதையை அன்றுதான் சொன்னாள். அந்த அச்சத்தால், கிராமச் செவிலியரிடம் கருத்தடை மாத்திரை வாங்கி, இன்னொரு பேரப்பிள்ளையை எதிர்பார்த்திருந்த மாமியார் அறியாமல் விழுங்கிவந்திருக்கிறாள். நான் எழுதிய மருந்து அதன் வலுவைக் குறைத்துவிடக் கூடியது.

“ஒரு நா கூட முழுங்காம உடலீங்க. மாத்திரைய மாத்திரையே அடிச்சுப்போடுமுங்களா?” என்று கேட்டாள்.

ஆம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “நான் அன்னைக்கே கேட்டனே” என்று குறிப்பேட்டைப் புரட்டி, அந்த வரியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். உயிருக்கு அஞ்சி வந்து நின்றவளிடம் எனக்கான சான்றைக் காட்டினேன்.

அவள் அதைக் குனிந்தும் பார்க்கவில்லை. “கேட்டீங்க. அத்தையப் பக்கத்துல உக்கார வெச்சுட்டுக் கேட்டீங்க” என்றாள். குரலில் சினமில்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கருவைக் கலைப்பது, பெற்றுக்கொள்வது என அவள்முன் இருந்த வழிகளைச் சொன்னேன். பெற்றுக்கொள்வதென அவளே முடிவுசெய்தாள். பேற்றின்போது சமவெளி மருத்துவமனையில் குருதி ஆயத்தமாக இருக்க, பிழைத்து வந்தாள். இப்போதெல்லாம் உடன்வருவோரை வெளியே அமரச் செய்து, கதவைச் சாத்திய பிறகே அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். எத்தனையோ பெண்களின் ‘இல்லீங்க’ அப்போது ‘ஆமாங்க’ ஆகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுடுகிறது.

கருவுற்று வந்த அன்று புறப்படுமுன் அவள் இன்னொன்று கேட்டாள்: “இந்த வலிப்பு மாத்திரைய இன்னமும் திங்கட்டுங்களா?” நிறுத்தினால் வலிப்பு மீளும், தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. தொடரத்தான் வேண்டும் என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாத்திரையை வாங்கக் கையை நீட்டினாள். அதை நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றுவரை துணிவில்லை. அம்மலையில் அவளுக்குக் கிடைத்த மருத்துவன் நான் ஒருவன்தான்.