ஜெபமாலை அக்காவின் குரலை எடுத்துவிட்டார்கள்

ஜெபமாலை அக்கா எழுதிப் பேசிய பாடத்திலிருந்து அவர் குரலையும் பெயரையும் எடுத்தார்கள். கடைசிவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்று காலை அக்கா இறந்துபோனார்... பழவேற்காட்டில், மகன் வீட்டில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் அலுவலகம் ஒன்று ஏரிக்கரைக் குப்பங்களுக்காக ஸ்லைடும் கேசட்டுமாகப் பாடம் தயாரித்தது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுப்பது பற்றி. எழுதியதும் பேசியதும் அக்கா. படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த நான் படம் வரைந்தேன்.

குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டை போடுவதுதான் பாடமே. இரண்டு குரலும் அக்காதான்.

“தண்ணி குடுத்தா இன்னும் போவும்டி.”

“குடுக்காத. காஞ்சி கருவாடா ஆவட்டும் உன் புள்ள.”

என் படங்களையும் விடமாட்டார். “இன்னா நைனா, அவ இடுப்புல இருக்கிறது புள்ளயா, பூசணிக்காயா?” மறுபடி வரைவேன்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை எங்கள் பக்கம் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். பாடத்தைப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்பதற்கும் அக்கா அதையே வைத்தார். சீட்டு வந்தவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. இல்லையென்றால் எங்கள் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

மெட்ராஸ் அலுவலகத்திலிருந்து ரிவ்யூவுக்கு வந்த அதிகாரி பெயரையும் எழுதிச் சீட்டில் சேர்த்தார். மரியாதை என்றுதான் நினைத்தோம்.

அவர் சீட்டு கடைசியில் வந்தது. அதுவரை அவர் பேச வாயெடுத்தபோதெல்லாம், “உங்க சீட்டு வரல சார், குந்துங்க” என்று உட்காரவைத்தார்கள்.

முறை வந்தபோது கேசட்டை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

முடிந்த கேசட் மெட்ராஸிலிருந்து வந்ததும், அக்கா மீன் ஏலக் கூடத்துக்கு ஊரையே கூட்டிவந்தார். புதுச் சேலை வேறு. நான்தான் பட்டனை அழுத்தினேன்...

அக்கா எழுதிய அதே சண்டை. பேசியது வேறு யாரோ, ரேடியோத் தமிழில். முடிவில், ஆக்கம் என்று அந்த அதிகாரியின் பெயர்.

“எவடி இவ, என் வாய்ல பேசறா?” என்றார் அக்கா.

ஒருத்தி எழுந்து நிறுத்தப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வுடு. முழுசா கேளுங்க. புள்ளைங்க சாவுது.”

பிறகு எந்தப் பாடத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. போய்க் கேட்டேன். “ரிவ்யூ கமிட்டி முடிவு” என்றார்கள். கமிட்டியாம்... ஒரு மனிதரின் கோபம் அது.

இப்போது அந்தப் பாடம் அவர்கள் வெப்சைட்டில் இருக்கிறது. ஆக்கம், அதிகாரி. படங்கள், நான். அக்கா எங்கேயும் இல்லை.

ஆகவே...

அந்த அலுவலகம்: ஆக்கம், குரல் இரண்டிலும் ஜெபமாலை என்று போட வேண்டும். ‘உதவி’ என்று கீழே சின்னதாகப் போடுகிற வேலை வேண்டாம்.

அந்த அதிகாரி: உயிரோடு இருந்தால், எழுதியது யார் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

குப்பத்துக்காரர்கள்: அக்கா குரலில் பதிவு செய்த முதல் கேசட்டின் காப்பி யார் வீட்டிலாவது கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

நான்: அக்கா பெயர் வரும்வரை என் பெயரையும் அதிலிருந்து எடுக்கச் சொல்லி இன்றே எழுதுகிறேன்.

போய் வாங்க அக்கா.